உங்களுக்குத் தெரியுமா? – கரை, மடை, மறுகால்

ஒரு நாள், 946 மில்லிமீட்டர்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் பெய்த மழை 946 மில்லிமீட்டர். தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே 650 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதே நாளில் திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 946 மில்லிமீட்டர் பெய்தால் 94 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் படியுங்கள்.

மழை விட்டது, வெள்ளம் விடவில்லை

காயல்பட்டினம் என்ற நம் காயலின் தெருக்களில் முதலில் நின்றது காயலில் பெய்த மழைதான். ஆனால் மழை ஓய்ந்த பிறகும் இந்த வட்டாரத்தில் தண்ணீர் வடியாமல் நின்றதற்கும், சில இடங்களில் ஏறியதற்கும், மேற்கே தாமிரபரணியும் அதன் குளங்களும் காரணம். நம் குளங்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல்குளத்தின் மறுகாலில் வழியும் உபரித் தண்ணீர்தான் கீழ்க்குளத்தின் வரத்து. ஆகவே மேலே ஒரு கரை உடைந்தால் அன்று பெய்த மழையோடு அந்தக் குளம் தேக்கி வைத்திருந்ததும் சேர்ந்து கீழே வரும். கீழ்க்கரை தன் பங்கு வெள்ளத்தைத் தாங்கும்படி போடப்பட்டது. மேல்குளத்தின் பங்கையும் சேர்த்துத் தாங்குவது அதனால் ஆகாது. தூத்துக்குடிக்கு அருகில் கோரம்பள்ளம் குளக்கரை அந்த டிசம்பரில் உடைந்தபோது, கீழே இருந்த காலாங்கரை, அத்திமரப்பட்டி பக்கத்து வயல்களும் வீடுகளும் மூழ்கியது அப்படித்தான்.

எட்டாவது அணைக்கட்டு

தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடிகின்றன. முதல் ஏழும் ஆங்கிலேயர் வருவதற்கு முந்தியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1870-களின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. வயது 150-ஐத் தாண்டிவிட்டது. கடைசி இரண்டு அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் மருதூர் மேலக்கால், கீழக்கால், ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால் ஆகிய நான்கு கால்வாய்களும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களை நிரப்பி, சுமார் 46,000 ஏக்கருக்குப் பாசனம் தருகின்றன. தென்காலின் பெரிய குளம் கடம்பாகுளம். அதற்குக் கீழே குளம் குளமாகப் போய்த் திருச்செந்தூர் ஆவுடையார்குளம் வரை தண்ணீர் வருகிறது. காயலும் ஆறுமுகநேரியும் ஆத்தூரும் இந்த அமைப்பின் கடைமடையை ஒட்டி இருப்பவை. கடைமடைக்குக் கோடையில் தண்ணீர் கடைசியாக வரும். வெள்ளம் மட்டும் மொத்தமாக வரும்.

சட்டத்துக்குள் வராத அணைகள்

அணை என்றால் பாபநாசம், மணிமுத்தாறு என்று சொல்லிப் பழகிவிட்டோம். 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டமும் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவற்றைத்தான் முதன்மையாகக் கணக்கில் எடுக்கிறது. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரையின் நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் மட்டுமே சேர்க்கும். நம் குளக்கரைகளில் பெரும்பாலானவை அந்த உயரத்தை நெருங்குவதே இல்லை. அதனால் பெரிய அணைக்கு உள்ள கட்டாய ஆய்வும், உடைந்தால் எந்த ஊருக்கு எத்தனை மணி நேரத்தில் தண்ணீர் போகும் என்ற அவசரகாலத் திட்டமும் இவற்றுக்குச் சட்டப்படி கிடையாது. தமிழ்நாட்டில் இப்படி ஏறத்தாழ 39,000 ஏரி குளங்கள் இருக்கின்றன. பெரிய அணை உடைவது அபூர்வம், குளம் உடைவதைப் பெருமழைதோறும் பார்க்கிறோம். அப்படியிருக்க, சின்னக் கரைக்கும் சின்ன அளவில் ஓர் ஆய்வுப் பதிவேடு வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கை இல்லை.

ரைவ்ஸ் சொன்ன 6.8

ஒரு குளத்தின் உயிர் அதன் மறுகாலில் இருக்கிறது. கரைக்கு மேலே தண்ணீர் ஏறி வழிந்தால் மண்கரை சில மணி நேரம்கூடத் தாங்காது. முதலில் பின்சரிவு அரிக்கும், பிறகு கரையே வாய் பிளக்கும். அதற்கு முன்பே உபரியை வெளியேற்றுவதுதான் மறுகாலின் வேலை.

எவ்வளவு உபரி வரும் என்று கணிக்கச் சென்னை மாகாணத்தில் 1884-இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் கொடுத்தார். தென்னிந்தியாவின் பாசனப் பாடப் புத்தகங்களில் இன்றும் அது இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை எடுத்து, ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். அந்தக் குணகம் கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் 6.8, அதற்கு உள்ளே 8.5, மலையடிவாரங்களில் 10 அளவில். அதாவது கடலோரத்துக்குத்தான் இருப்பதிலேயே குறைந்த எண். காயல் வட்டாரம் முழுவதும் இந்த 6.8-க்குள் அடக்கம்.

10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். ரைவ்ஸ் கணக்குப்படி உச்ச வெள்ளம் விநாடிக்கு ஏறக்குறைய 32 கனமீட்டர், அதாவது 1,100 கனஅடிக்குச் சற்று மேல். காயலில் அன்று பெய்த 946 மில்லிமீட்டர் அந்தப் பரப்பில் 24 மணி நேரமும் ஒரே சீராகப் பெய்ததாக வைத்துக்கொண்டால், சராசரியே விநாடிக்கு 109 கனமீட்டர். 3,800 கனஅடிக்கு மேல். நம் தேரி மணல் பாதியைக் குடித்துவிட்டது என்றே வைத்தாலும் மிச்சம் 55 கனமீட்டர் நிற்கிறது. மழை ஒரே சீராகப் பெய்வதும் இல்லை. கொட்டித் தீர்க்கும் சில மணி நேரங்களில் இதைவிடப் பன்மடங்கு வரும்.

நம் மறுகால்கள் பல ரைவ்ஸுக்கும் முந்தியவை, அந்தந்த ஊர் அனுபவத்தில் வைத்தவை. அவை அந்தக் காலத்து மழைக்குச் சரியாகவே இருந்திருக்கும். 2023-க்குப் பிறகு கரையை மட்டும் பூசி மெழுகி, மறுகாலை அதே அகலத்தில் விடுவது சீரமைப்பு ஆகாது. உடைந்த கரையை அடைப்பதற்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு பங்காவது மறுகாலை மறுபடி கணக்கிட்டு அகலப்படுத்தப் போக வேண்டும். என் தீர்மானமான கருத்து இது.

அகலம் இல்லாத இடத்தில் என்ன செய்வது?

மறுகாலின் தளத்தைத் தாழ்த்தினால் வெள்ளம் வேகமாக வடியும். ஆனால் குளத்தில் தேங்கும் தண்ணீர் குறையும். அந்தக் குளத்தில் பாசனம் பெறும் ஆயக்கட்டுக்காரர் அதற்கு ஒப்பமாட்டார், அவர் நியாயம் அவருக்கு. இதற்குப் பொறியாளர்களிடம் ஒரு வழி உண்டு. மறுகால் சுவரை நேர்க்கோட்டில் கட்டாமல் மடித்து மடித்து வளைவாகக் கட்டினால், அதே அகலத்துக்குள் சுவரின் நீளம் கூடும். நீளம் கூடினால், தண்ணீர் மட்டம் அதிகம் ஏறாமலே கூடுதல் வெள்ளம் வழியும். உலகின் பல பழைய அணைகளை இப்படித்தான் புதுப்பிக்கிறார்கள். நமக்கு இது முற்றிலும் அந்நியமும் இல்லை. தாமிரபரணியின் ஏழாவது அணைக்கட்டான மருதூர் ஆற்றின் குறுக்கே நேராகப் போகாமல் வளைந்து, ஏறத்தாழ 4,000 அடி நீளத்துக்கு நிற்கிறது.

கலுங்கில் நிற்கும் கற்கள்

கலுங்கு என்ற பழைய மறுகால் சுவர்களின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் செத்தையும் வைத்து அடைத்தால், குளத்தில் இன்னும் ஓர் அடி, இரண்டு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். கோடைக்கு அது பெரிய உதவி. ஆனால் அடுத்த மழைக்கு முன் அந்த அடைப்பை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டாலும், யாரோ சிமென்ட் வைத்து நிரந்தரமாக்கிவிட்டாலும், மறுகால் பாதி மூடிய மாதிரிதான்.

800 பயணிகள்

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் நோக்கிப் போகும் தண்டவாளத்தின் அடியில் ஜல்லியை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. ஏறத்தாழ 800 பேர் அந்த ரயிலில் சிக்கினார்கள். மீட்புக்குழு வந்து சேரும் வரை அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள், தாங்களே வெள்ளத்தில் இருந்த புதுக்குடி கிராமத்து மக்கள்.

மடைச்சுவரை ஒட்டிய ஈரம்

கரை உடையும் இடங்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பல உடைப்புகள் மடைக்குப் பக்கத்தில்தான். மண்ணும் கல் கட்டடமும் சேரும் இடம் அது. மண் காய்ந்தால் சுருங்கும், கல் சுருங்காது. நடுவில் மயிரிழை இடைவெளி விழுந்தால் போதும், தண்ணீர் அந்தச் சுவரை ஒட்டியே வழி தேடிக்கொண்டு கரைக்குள் ஓடும். ஓடும்போது மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் ஒரு சின்ன ஊற்று மாதிரி இருக்கும், உள்ளே சுரங்கம் உருவாகிக்கொண்டிருக்கும்.

கசியும் தண்ணீர் தெளிவாக இருந்தால் அவகாசம் இருக்கிறது. கலங்கி, மண் நிறத்தில் வந்தால் அவகாசம் இல்லை. அந்தக் காலத்து மடைக்காவலர்கள் மழை நாள்களில் கரையின் பின்சரிவில் இறங்கி நடந்தது இதைப் பார்க்கத்தான். கரை மேலே வண்டியில் போய்ப் பார்த்தால் இது கண்ணில் படாது.

பனை வைக்கலாம், ஆலமரம் ஆகாது

மண் அணைகளின் மேல் பெரிய மரம் வளரவிடக் கூடாது என்பது உலகமெங்கும் உள்ள விதி. பருத்த வேர் கரைக்குள் ஊடுருவும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாயாகிவிடும். புயலில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையின் ஒரு துண்டும் பெயர்ந்து வரும். நம் குளக்கரைகளில் காடாக மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலமும் இதே சிக்கல்தான். கூடவே, புதர் மண்டிய கரையில் நடந்து கசிவைப் பார்க்கவும் முடியாது.

பனை வேறு. அதற்கு ஆணிவேர் பருத்து ஓடுவதில்லை. கயிறு கயிறாகச் சல்லிவேர் இறங்கி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நம் முன்னோர் குளக்கரையில் பனையை வரிசையாக நட்டதற்கு இதுவும் காரணம். 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கும் அறிவிப்பு இடம்பெற்றது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதும் அதில்தான் வந்தது.

கந்தளாய், 1986

நம் கடலுக்கு அக்கரையில், திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய்க் குளம். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையானது. தமிழ் மரபு அதைக் குளக்கோட்டன் என்ற மன்னனோடு சேர்த்துச் சொல்லும். 1986 ஏப்ரல் 20 விடியலுக்கு முன் அதன் கரை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கரையில் வைத்த நீரேற்று நிலையமும், கரைமேல் ஓடிய கனரக வண்டிகளும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குளக்கரையைத் தார்ச்சாலையாக்கும் முன், கரைக்குள் குழாய் பதிக்கும் முன், நம் ஊர்களில் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

திவரே, 2019

மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற சிறு பாசன அணை 2019 ஜூலை 2 இரவு உடைந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர். கசிவு இருக்கிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். நண்டு துளைத்ததுதான் காரணம் என்று பிறகு ஓர் அமைச்சர் சொன்னார். நண்டும் எலியும் கரையைத் துளைப்பது உண்மைதான். ஆனால் அந்தத் துளையைக் கண்டுபிடித்து அடைப்பதற்குப் பெயர்தான் பராமரிப்பு. அந்த அணைக்கு வயது 20 கூட ஆகவில்லை.

அமெரிக்காவின் 12,000

1930-களின் புழுதிப் புயலையும் அடுத்தடுத்த வெள்ளங்களையும் கண்ட அமெரிக்கா, பெரிய ஆற்றில் ஒரே ஓர் அணை கட்டுவதோடு நிற்காமல் மேலே ஓடைகளிலேயே சிறு சிறு அணைகள் கட்டி வெள்ளத்தைத் தணிக்கலாம் என்று முடிவெடுத்தது. ஓக்லஹோமா மாநிலத்தில் 1948-இல் முதல் அணை எழுந்தது. 1954-இல் தனிச் சட்டம் வந்தது. இன்று ஏறத்தாழ 12,000 சிற்றணைகள். பெரும்பாலானவற்றுக்கு விதித்த ஆயுள் 50 ஆண்டு. அது முடியத் தொடங்கியதால், பழைய அணைகளைப் புதுப்பிக்கவென்றே 2000-இல் இன்னொரு சட்டம் இயற்ற வேண்டி வந்தது.

அங்கே அவர்கள் கண்டுகொண்ட ஒரு பாடம் நமக்கு நேராகப் பொருந்தும். அணை கட்டியபோது கீழே வயல் மட்டும் இருந்தது. வெள்ளம் வராது என்ற நம்பிக்கையில் பிறகு வீடுகள் வந்தன. அணையில் எந்த மாற்றமும் இல்லாமலே அதன் ஆபத்து கூடிவிட்டது. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து கடற்கரை வரை, மறுகால் ஓடைகளின் பாதையில் இன்று என்னென்ன நிற்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

360 நாள் பதவி

பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 360 நாள் மட்டும் பொறுப்பில் இருப்பார்கள். ஏரிக்கு என்று பெயர் சொல்லக்கூடிய பொறுப்பாளர் அன்றைக்கு இருந்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

குடிமராமத்தின் கதை

வாய்க்கால் வெட்டவும் கரை உயர்த்தவும் ஊரே சேர்ந்து உழைப்பது குடிமராமத்து. ஆங்கிலேயர் குளங்களின் வருவாயை எடுத்துக்கொண்டதும் ஊரின் அக்கறை தளர்ந்தது. பிறகு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு அந்த வேலையை வாங்கப் பார்த்தார்கள். பயன்படவில்லை. 1883-இல் ஏரிகளை முறையாக அளந்து சீரமைக்கத் தனித் திட்டம் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நீண்ட இடைவெளி விழுந்தது. 2017-இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே, ஆயக்கட்டுதாரர் 10 விழுக்காடு பங்களிப்போடு, 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளைத் தொடங்கியது. பெயர் திரும்பி வந்தது நல்லது. ஆனால் குடிமராமத்து என்பது ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த வேலை. திட்டம் வரும் ஆண்டில் மட்டும் நடந்தால் பலன் பாதிதான்.

கொற்கையை மூடிய வண்டல்

பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அடுத்து எழுந்த பழையகாயலையும் கடல் விட்டுவிட்டுப் போனது. மார்க்கோ போலோ எழுதிய காயல் அதுதான் என்று பிஷப் கால்டுவெல் அடையாளம் காட்டினார். இரண்டையும் கடலிலிருந்து பிரித்தது தாமிரபரணி கொண்டுவந்த வண்டல்.

அதே வண்டல்தான் குளத்தின் அடியிலும் படிகிறது. தேங்கும் அளவு குறைந்தால் வெள்ளத்தைப் பிடித்து நிறுத்தும் அளவும் குறையும். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல ஆண்டுகளாக மேடிட்டுக் கிடந்த வண்டலை அள்ள, 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட வேண்டியிருந்தது. 2024 முதல் விவசாயிகளும் மண்பாண்டம் செய்வோரும் வட்டாட்சியர் அனுமதியோடு குளத்து வண்டலைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டக் கூடாது. காலடியில் பள்ளம் விழுந்தால் கரை சரியும்.

உபரிக்குப் புது வழி

தாமிரபரணியின் வெள்ள நீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து கருமேனியாறு, நம்பியாறு வழியாகத் திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்புக் கால்வாய்க்கு 2009-இல் வேலை தொடங்கியது. சுமார் 75 கிலோமீட்டர். 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு விநாடிக்கு 3,200 கனஅடி. மேலே நாம் கணக்கிட்ட, 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புள்ள குளம் ஒன்றுக்கு வரக்கூடிய சராசரி 3,800 கனஅடி என்பதை இதோடு வைத்துப் பாருங்கள். கால்வாய் வரவேற்கத்தக்கது, அவசியமானது. குளங்களைக் காப்பாற்றும் வேலையை அது குறைத்துவிடாது.

உங்களால் ஆவது

கரையைப் பார்க்கப் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கரையின் மேல்மட்டம் ஒரே சீராக இருக்கிறதா, எங்காவது தாழ்ந்திருக்கிறதா? வெள்ளம் முதலில் வழிவது அந்தத் தாழ்ந்த இடத்தில்தான். நீர்ப்புறம் பதித்த கற்கள் சரிந்திருக்கின்றனவா? மடை ஷட்டர் திருகினால் ஏறுகிறதா, துருப்பிடித்து நிற்கிறதா? மறுகால் ஓடை கடல் வரை திறந்திருக்கிறதா? பின்சரிவில் கோடையிலும் பச்சைப் புல் திட்டாக இருந்தால், அதற்கடியில் கசிவு உண்டு.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இரு நாள்களிலும் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவது அக்டோபர் நடுவில். ஆகஸ்ட் 15 கூட்டத்தில் உங்கள் குளத்தின் பெயரைச் சொல்லி, மேலே கேட்ட கேள்விகளைத் தீர்மானமாக எழுதவையுங்கள். அக்டோபர் 2 கூட்டத்தில் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். காயலில் இருப்பவர்கள் நகராட்சியில் மறுகால் ஓடைகளைப் பற்றிக் கேட்கலாம். கடம்பாகுளத்துக் கீழ் ஊர்களிலும் ஆத்தூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலும் உள்ள சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லலாம். அவர்கள் ஊர்க் கரை நின்றால் நம் ஊருக்கும் பாதி பாரம் குறையும். மழை நாளில் கரையில் கலங்கல் கசிவைக் கண்டால் தாமதிக்காதீர்கள். மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.